காலிக் கலனில் பேய்

"காலியா இருக்கிற கலன்ல எண் எப்படிம்மா ஏறும்? உள்ளே பேய் குடியிருக்கா?"

சொந்த வேலை என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, மதியம் வந்ததும் வராததுமாகக் கத்த ஆரம்பித்தார் முதுநிலை ஆய்வாளர். ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'அளவுகோல்'. கேலிக்கு வைத்தது, அவர் விருதாக எடுத்துக்கொண்டார்.

காற்றில் கலந்த கதிரியக்க செனான் வாயுவை அளக்கும் கருவி அது. அளவு தெரிந்த வாயுவை அடைத்துச் சரிபார்க்கும் முன், காலிக் கலனை வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் எண் அடங்கிக் கிடக்க வேண்டும். இன்று துள்ளியது.

மறுநாள் கருவியை வெளியூரில் நிறுவ, அதோடு அவரும் புறப்பட வேண்டும். நிறுவும் குழுவுக்கு அவர்தான் தலைவர். பழைய தலைவருக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்து கழற்றிவிட்டதில் கிடைத்த பதவி.

"போன தடவை அடைச்ச வாயுவை நீ முழுசா வெளியேத்தலை."

"ரெண்டு வாட்டி வெளியேத்தினேன் சார்," என்றாள் இளநிலை ஆய்வாளர்.

"தள்ளு!" ஈய மூடியைத் திறந்து குனிந்தார். எண் எகிறியது.

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "சார், ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்."

போனார். திரும்பி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது எண் சாதுவாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுபடி ஏறியது.

"பாத்தியா! எல்லாம் உன் கைராசி!"

போன் அடித்தது. ஸ்பீக்கரில் டைரக்டர். "என்ன பிரச்சினை அங்கே?"

அவள் முந்திக்கொண்டாள். "கலனை நான் சரியா சுத்தம் பண்ணலை சார். என் தப்புதான். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

அளவுகோலுக்கு உச்சி குளிர்ந்தது. "இதை முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா எனக்குத் தொண்டை மிச்சம். எண் தப்பா வந்தா முதல்ல நம்மளைத்தான் சந்தேகப்படணும். வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்றது இதுதான்."

"ஆமா சார்." போன் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "திரையில நிக்கிறது செனானோட அடையாளக் கோடு இல்ல சார். ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்குப் போடற ஊசி மருந்தோடது."

அவர் கை தானாக முழங்கை மடிப்புக்குப் போனது. சட்டைக்கு அடியில் பஞ்சு ஒட்டிய இடம். இதயத்தைச் சோதிக்கக் காலையில் போட்ட ஊசி. ஊருக்கெல்லாம் கதிர்வீச்சை அளந்து சொல்பவர், தன் உடம்பில் ஏறியதை வெறும் மருந்து என்றே நினைத்திருந்தார்.

"அப்போ ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

"உங்க உடம்பு விஷயம் சார். சொல்றதுன்னா நீங்கதானே சொல்லணும்?"

அளவுகோல் மெல்ல எழுந்தார்.

"உனக்கு ஒரு காபி வாங்கிட்டு வரேம்மா. பேய் வெளியில போனாத்தானே உனக்கு வேலை நடக்கும்!"