முள்ளில்லாத ரகம்

"மாடி ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அதைச் சுத்தி ரோஜாக் கொடி ஏத்தணும். முள்ளு தொட்டா கிழிக்கணும்," என்றார் செடி வாங்க வந்தவர்.

"யார் ரூம் ஜன்னல்?"

"என் பொண்ணோடது."

நர்சரிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற பெண்ணையா இந்த ஆள் முள்வேலி போட்டு அடைக்கப் பார்க்கிறான்? கோபத்தை விழுங்கிக்கொண்டு, முள்ளே இல்லாத ரகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"வளர வளர முள்ளு வரும். ஏணி மாதிரி சட்டம் அடிச்சுக் கட்டுங்க."

அந்தப் பிள்ளை இறங்கி ஓடட்டும்!

கொடி மாடியைத் தொட்டிருக்கும் சமயத்தில் அந்தப் பெண்ணே வந்தாள். நிமிடத்துக்கொரு தரம் தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முள்ளு எப்பக்கா வரும்?"

"உனக்கெதுக்கும்மா முள்ளு?"

"நான்தான் அப்பாவை வாங்கச் சொன்னேன். என் பின்னாலயே சுத்துறவன், நேத்து அந்தச் சட்டத்துல கால் வெச்சு ஏறிப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே போனான்."