அப்பாவின் தோள்

"சின்ன வயசுல உங்கப்பா உங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கடற்கரையில நடந்தாரே, ஞாபகம் இருக்கா?"

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் போன மாதம் ஆய்வாளர் மொய்ரா இப்படிக் கேட்டபோது, சிறுவயது நினைவுகள் பற்றிய ஆய்வுக்கு வந்திருந்த டீகன் சிரித்துவிட்டாள்.

"எங்கப்பாவா? பீர் பாட்டிலைத் தவிர எதையும் தூக்கினதில்ல அந்த மனுசன்!"

"உங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கின நாலு சம்பவத்துல இதுவும் ஒண்ணு. வீட்டுல யோசிச்சுப் பாருங்க."

இன்று கடைசிச் சந்திப்பு. டீகனின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஞாபகம் வந்திருச்சு மொய்ரா! அவர் காதைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காதெல்லாம் மணல். என்னை அடிச்ச அதே கைதான் நான் விழாம காலைப் புடிச்சிருந்துச்சு."

அப்பாவுக்காக வாங்கி வந்திருந்த கம்பளிக் காலுறையைக் காட்டினாள்.

"சாகக் கிடக்கிறார். முகத்துலயே முழிக்கமாட்டேன்னு இருந்தேன். இப்ப நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

மொய்ரா தலைகுனிந்தாள். ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி.

"டீகன், நடக்காத ஒண்ணை மனசு எப்படி நடந்ததா நம்புதுன்னு பாக்கத்தான் இந்த ஆய்வு. உங்க அண்ணன் சொன்னது மூணுதான். ஒண்ணு நாங்களா சேர்த்தது."

"எது?"

"கடற்கரை."

காலுறையை மேசைமேல் வைத்துவிட்டு, டீகன் வெளியே போனாள்.