கடைசிப் பத்துப் பக்கங்கள்

நூலகத்தில் ரேணுகாம்பாள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "மரம் வர்ற கதையா ஒண்ணு குடுங்க. ஆனா நல்லா இருக்கணும்." தோணி கட்டுகிறவன் கதை, தொட்டில் செய்யும் தச்சன் கதை, கட்டைக்காலோடு ஊர் திரும்பும் சிப்பாயின் கதை என்று நூலகர் எடுத்துப் போடுவார். நின்றபடியே புரட்டிப் பார்த்து, மனதைப் பிடித்து இழுக்காததை அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"படுக்கையில கிடக்கிற வீட்டுக்காரருக்கு இப்படிப் பாத்துப் பாத்து யாரும்மா எடுப்பாங்க?" என்றார் நூலகர்.

"மோசமான புஸ்தகத்துக்கு முடிவு தெரியலன்னா அவருக்கு என்ன நஷ்டம் சார்?"

நூலகருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

கல்யாணமான புதிதில், இன்னும் பத்துப் பக்கம் பாக்கியிருந்த புத்தகத்தைக் கணவர் அவள் கையிலிருந்து பிடுங்கினார். "கூப்பிட்டது காதுல விழல? மரத்துக்கு எதுக்குடி புஸ்தகம்?" என்று வெந்நீர் அடுப்பில் போட்டார். அதன்பிறகு அந்த வீட்டுக்குள் புத்தகம் வரவில்லை, பக்கவாதத்தில் அவருக்குக் கையும் காலும் பேச்சும் போகும்வரை.

இப்போது தினமும் மாலையில் தலைமாட்டில் உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கி அவருக்கு வாசிக்கிறாள். இது ஏழாவது புத்தகம். சிப்பாய் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் புத்தகத்தை மூடினாள். அவர் கண்கள் அட்டையை விட்டு அகலவில்லை. தொண்டையில் ஏதோ உருண்டது.

"என்னங்க, ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள்.

மீதிப் பத்துப் பக்கத்தை அடுப்படியில் நின்று படித்தாள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்கும்படி ஒருமுறை சிரித்தாள்.