இரக்கமானி

சிறுவயதில் புற்றுநோயை வென்றவர்களுக்கான கல்லூரி உதவித்தொகையை இப்போது இரக்கமானிதான் முடிவு செய்கிறது. திரைக்கு அந்தப்பக்கம் கொடையாளிகளின் மனம் இளகினால் முள் ஏறும்; ஏறினால்தான் காசு. போன வருஷம் ஜெபசீலியின் அம்மா ஞானப்பூ அழுத அழுகையில் முள் உச்சிக்கே போனது. மகளின் கடைசி வருஷப் பொறியியல் படிப்புக்கும் அழுதுவிடலாம் என்றுதான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இப்படிக் கொழுகொழுன்னு வந்து நின்னா எப்படிம்மா? தலையில துணியைக் கட்டிக்க. லேசா இருமு" என்றார் அதிகாரி ஜெபசீலியிடம்.

"மாட்டேன்." ஜெபசீலி சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேமராவை முறைத்தாள். "என் நோவு ஆறு வயசோட போச்சு. எங்க ஊர் ஓடைக்கு நான் வரைஞ்ச பாலத்தைத்தான் கட்டப் போறாவ. கேக்கதா இருந்தா அதைக் கேளுங்க."

முள் சரசரவென்று இறங்கியது.

"நீங்களாவது அழுங்கம்மா, பணம் போயிரும்!" அதிகாரி பதறினார்.

ஞானப்பூ முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனவள், அப்படியே மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, நம்ம ஓடைக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"அம்மா, அழுங்க!" அதிகாரி கத்தினார்.

"நானும் பாக்கேன் சார், வரமாட்டேங்கு. சிரிப்புல்லா வருது."