வராண்டாவில் ஒருவன்

சுதர்சன் கண் விழித்ததும் நர்ஸ் கட்டிலருகே குனிந்தாள்.

"யாரு சார் சுடலைமுத்து? ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியுற வரைக்கும் அவர் பேரையே சொல்லி அழுதீங்க. 'அவன் வெளிய நிக்கான்லா, உள்ள கூப்பிடுங்கய்யா'ன்னு. நான்கூட வராண்டா முழுக்கத் தேடிட்டு வந்தேன்."

"அப்படி யாரும் இல்லையேம்மா. இவரு இந்த மாதிரியெல்லாம் பேசவே மாட்டாரே" என்றாள் மனைவி.

இருபத்திரண்டு வயதில், பட்டணத்தில் வேலைக்குச் சேரும் முன் அரசிதழில் அறிவித்து அவர் கழற்றிப்போட்ட தன் பெயர் அது. கல்யாணமாகி முப்பது வருடங்களில் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சவராங்க?" என்று மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரியாது" என்றார்.

வெளியே போகும்போது நர்ஸ் கேட்டாள்: "கதவச் சாத்திடட்டுமா சார்?"

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவர், போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.