பெட்பேனில் பச்சரிசி

ஒன்பது நாளாக முத்துத்தாய்க்கு வெளிக்குப் போகவில்லை. புற்றுக்கட்டி குடலை அடைத்து, வயிறு உறுமி மேளமாய் விறைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சொந்த ஊரான கீழக்குயில்குடிக்குத் திரும்புமுன் அவள் ஒரு வாய் கஞ்சியாவது குடித்துவிட வேண்டும் என்பதுதான் புருஷன் பேயாண்டிக்கு ஆசை. நேற்று டாக்டர் பின்வழியாகக் கேமரா குழாயை விட்டு, அடைப்புக்குள் கம்பிவலைக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்.

காலையில் வழி விட்டது. அந்த நாற்றத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே போய்விட்டார்.

"அடியே, வார்டையே காலி பண்ணிட்டியே!" என்று கேலி பேசியபடி பேயாண்டி பெட்பேனைத் தூக்கினார். கக்கூஸில் கவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றார். கருங்குழம்பின் மேலே இரண்டு கைப்பிடி பச்சரிசி கிடந்தது. ஈரமே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அரிசியா குடுத்தீங்க?" பின்னாலேயே வந்த நர்ஸ் மூக்கைப் பொத்தினாள்.

"தண்ணிகூட இறங்கலையேம்மா."

நாலு தரம் சோப்புப் போட்டும் கை நாறியது. அந்தக் கையாலேயே கஞ்சியை ஆற்றிக்கொண்டு போனார். முத்துத்தாயின் வயிறு நன்றாக அமுங்கியிருந்தது. முகத்தில்கூடத் தெளிவு.

"ஒரு வாய் குடி தாயி."

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"மகன் போட்டதும் மக போட்டதும் போயிருச்சுங்க. நீங்க போட்ட வாய்க்கரிசிதான் இன்னும் தொண்டையிலயே நிக்குது."