மூலத்துக்கு ஒரு பொடி

"போச்சு, என் ஆராய்ச்சியே மண்ணாப் போச்சு!" என்று தலையில் கை வைத்தார் டாக்டர் ஷர்மிஷ்டா.

ஹௌரா சணல் ஆலைத் தொழிலாளர்களில் மூல நோய் வந்தவர்களுக்கு அவர் பொடி கொடுத்து வந்தார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது மட்டும் ரகசியம். இன்று முடிவு வந்தது: இரு தரப்புக்கும் ஒரே அளவு குணம்!

தறிக்காரர் நிமாய் ரசகுல்லாச் சட்டியோடு வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா தீதி? தலகாணி இல்லாமலே உக்காந்துட்டேன்!"

"உங்களுக்குக் குடுத்தது வெறும் மாவு நிமாய் அண்ணே. எப்படிச் சரியாச்சு?"

"மாவுன்னு நாக்குல வச்ச அன்னிக்கே தெரியுமே! பக்கத்துத் தறி ஹாருவோட பொடி கசந்துது, என்னுது சப்புன்னு இருந்துது."

"அப்புறம்?"

"டீக்கடையில கூட்டம் போட்டோம். ஒருத்தனுக்கு மருந்து, இன்னொருத்தனுக்கு மாவா? காலமெல்லாம் செங்கொடி புடிச்ச கை சும்மா இருக்குமா? எல்லா டப்பாவையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கலந்து, ஆளுக்குச் சமமாப் பங்கு போட்டுட்டோம்."

டாக்டர் துள்ளி எழுந்தார்.

"அப்போ எல்லாரும் சாப்பிட்டது பாதி மருந்துதானா? பாதியிலயே குணமாயிடுச்சா!"

நிமாய் ஒரு ரசகுல்லாவை எடுத்து நீட்டினார்.

"அடுத்தது எந்த வியாதிக்குன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க தீதி. அண்டாவைக் கழுவி வச்சிடுறோம்."